எம்.டி. 90 வண்டியும் மண்ணெண்ணெய்க் காலமும்

நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து மெதுவாக வாசியுங்கள்.

போன மாதம் என் பழைய சிவப்பு எம்.டி. 90 இன் படத்தைப் போட்டதிலிருந்து உள்பெட்டி நிறையக் கேள்விகள். "சேர், எங்க எடுத்தீங்க?", "புதுசா பழகுறவனுக்கு இது சரிவருமா?", "என்னோடது ஸ்டார்ட் ஆகுது, இழுக்குதில்ல, என்ன செய்யலாம்?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கும் அதே வருத்தம்தான் இருந்தது, அதைத் தீர்க்க எட்டு மாதம் ஆனது. எழுத எழுத வரலாறு உள்ளே வந்துவிட்டது. வரலாறு படிப்பிக்கிறவனிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். "இது ட்ரெயில் பைக்கே இல்லை, தபால்காரன் வண்டி" என்று என் மைத்துனர் சொல்கிறார். அவர் ஹொண்டா எக்ஸ்.எல். வைத்திருப்பவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காட்டுப் பாதைக்கென்றே பிறந்த வண்டிகள் வேறு. யமஹா 1968 இல் டி.டி.-1 என்ற 250 சிசி வண்டியை இறக்கியதிலிருந்துதான் யப்பானியக் கம்பனிகள் அந்தச் சந்தையைப் பிடித்தன. ஆனால் அதற்கு முந்திய கதையைப் பாருங்கள்.

1958 இல் ஹொண்டா 'சுப்பர் கப்' என்ற சின்ன வண்டியைச் செய்தது. கிளச் பிடி கிடையாது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கடைப் பையன் மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். 1960 அளவில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வியாபாரி, இந்தச் சின்ன வண்டி மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக விற்பதைக் கம்பனி கவனித்தது. விசாரித்தபோது விசயம் வெளியே வந்தது. அந்த மனிதர் பின் சில்லில் பெரிய பல்சக்கரத்தைப் போட்டு, கட்டை ரயர் மாட்டி, மலைப்பாதையில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஹொண்டா அந்த யோசனையை எடுத்துத் தன் முதலாவது 'ட்ரெயில்' வண்டிகளைச் செய்தது. ஆகவே ஹொண்டாவின் காட்டு வண்டிப் பரம்பரைக்குச் சாப்பாட்டுக் கடை வண்டிதான் மூத்தாப்பா. மைத்துனர் இதை வாசிப்பார், பதில் போடுவார், பார்ப்போம்.

எம்.டி. 90 அந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை. 1971 இல் யப்பான் அஞ்சல் சேவைக்கென்றே செய்யப்பட்டது. முன்னாலும் பின்னாலும் பாரம் ஏற்றும் கரியர், சாதாரண கப் வண்டியைவிடச் சின்னதான 14 அங்குலச் சில்லு, உறுதியான முன் ஃபோர்க், அஞ்சல் சிவப்பு நிறம். பனியிலும் சேற்றிலும் கடிதப் பையோடு நாள் முழுக்க நின்று நின்று ஓட வேண்டிய வண்டி. அங்கே வேலை முடிந்தவை பல நாடுகளுக்குக் கப்பலேறின. 1977 க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் யப்பான் வண்டிகள் நம் நாட்டுக்குள் வரத் தொடங்கிய காலத்தில், வடக்கில் இந்த வண்டி பிடித்த இடத்தை வேறு எதுவும் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் 'எம்.டி. நைன்ரி' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மன்னாருக்கு அது ஏன் பொருந்தியது என்று நம் மண்ணில் நடந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை. எருக்கலம்பிட்டியில் பிரதான வீதியை விட்டு இறங்கினால் மணல். தலைமன்னார்ப் பக்கம் பனைக்குள் மணல். முசலியில் செம்மண், மழை பெய்தால் களி. கடிதப் பை இருந்த கரியரில் மீன் பெட்டி ஏறியது. பள்ளமோ மேடோ, சில்லு புதைந்தால் இறங்கி ஒரு கையால் தூக்கி எடுக்கலாம். பெரிய வண்டியை அப்படித் தூக்க ஏலாது.

என் வாப்பாவிடமும் ஒன்று இருந்தது. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை. மன்னார் தீவிலிருந்து நம்மவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். வண்டி வாகனங்கள் நின்ற இடத்தில் நின்றன. வாப்பாவின் வண்டி வீட்டுப் பின் சுவரோடு சாத்தியபடி நின்றதாம். "பெற்றோல் குழாயைப் பூட்டிப் போட்டுத்தான் வந்தன்" என்று புத்தளத்தில் முகாம் கொட்டிலுக்கு முன்னால் இருந்து அவர் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். குழாயைத் திறந்தே விட்டால் பெற்றோல் காபரேட்டரை நிரப்பி எஞ்சினுக்குள் இறங்கும். ஒரு மாதத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு மாதத்தில் திரும்பி வருவோம் என்று நினைத்தவர் செய்யும் வேலை அது. அந்த வண்டிக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

நாங்கள் திரும்பி வந்தது போர் முடிந்த பிறகு. 1990 இல் உடைக்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆசிரியர் கலாசாலை முடித்து, நியமனம் கிடைத்து, கல்யாணமும் முடிந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் எனக்கு வந்த முதல் ஆசை வாப்பாவின் வண்டி போல ஒன்று.

கிடைத்தது பெருநிலத்தில், அடம்பன் பக்கம். ஒரு வயல்காரருடைய மாட்டுக் கொட்டிலில், வைக்கோலுக்குப் பின்னால். எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் புத்தகத்தோடு ஒத்திருந்தன. (புதிதாக வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். போர்க்காலத்தில் ஒரு வண்டியின் எஞ்சின் இன்னொரு வண்டிக்குப் போனது சாதாரணம். புத்தகம் இல்லாத வண்டியை "பிறகு எடுத்துத் தாரன்" என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள்.) கிக்கரை மிதித்தேன். பூப்போல இறங்கியது. "அட, எவ்வளவு லேசு" என்று சந்தோசப்பட்டேன். அந்த லேசுதான் நோய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதியவன் செய்யும் எல்லாப் பிழையையும் செய்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கடையில் புதுக் காபரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். புதுப் பிளக், புதுக் கொயில். ஸ்டார்ட் ஆனது. ஆனால் இழுவை இல்லை. உம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலத்தை நோக்கி எதிர்க்காற்றில் போனால் இரண்டாவது கியரிலேயே போக வேண்டியிருந்தது. சைலன்சர் அடுப்புப்போலச் சுட்டது. ஒரு கராஜில் "ரிங் போய்ட்டுது" என்றார்கள், ரிங் மாற்றினோம். இன்னொரு இடத்தில் "கிளச்" என்றார்கள், அதுவும் மாற்றினோம். வண்டியின் விலையில் பாதி இப்படிப் போனது. எல்லாம் மாற்றியும் அதே கதை.

கடைசியில் வண்டியைத் தந்த வயல்காரர்தான் ஒரு வயதான மெக்கானிக் அண்ணனிடம் அனுப்பினார். வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடிதான் அவருடைய கராஜ். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கிக்கரைக் கையால் ஒருமுறை அழுத்தினார், மிதிக்கவில்லை. பிறகு கேட்டார்: "சேர், பழைய காபரேட்டர எறிஞ்சிட்டீங்களா?"

எறியவில்லை. அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெட்டைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். பித்தளை ஜெட்டின் துளை கையால் பெரிதாக்கப்பட்டிருந்தது. பொயிண்டைத் திறந்தார். ஃப்ளைவீலில் 'எஃப்' குறி நேருக்கு வரும்போது தீப்பொறி விழ வேண்டும், அது நன்றாகப் பிந்தி விழுந்தது. பிறகு சிலிண்டரைத் தூக்கினார். அதற்கு அடியில் ஒரு பக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கிங், நடுவில் ஒரு அலுமினியத் தகடு. ஸ்டட் துளைகளும், ஒயில் போகும் துளையும், செயின் போகும் வழியும் கத்தரியாலும் அரத்தாலும் வெட்டி எடுக்கப்பட்ட தகடு. ஒரு ஓரத்தில் மெல்லிய வளைவு இருந்தது. ஏதோ சட்டி மூடியிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும்.

"இது பழுதில்ல சேர். இது அந்த நேரத்து வேலை. மண்ணெண்ணெய் வண்டி இது" என்றார்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு, அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பிரதேசங்களுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி போன்ற பல பொருட்கள் போகத் தடை இருந்தது. 2002 போர்நிறுத்தம் வரைக்கும் அப்படித்தான். மண்ணெண்ணெய் அளவோடு கிடைத்தது. ஆகவே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதை யாழ்ப்பாணத்து, வன்னியத்து எழுத்துகளில் வாசித்திருக்கிறேன். ஆனால் அதற்காக எஞ்சினுக்குள்ளே என்ன செய்தார்கள் என்று யோசித்ததே இல்லை.

எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் மண்ணெண்ணெய்க்கு இரண்டு குணம். ஒன்று, அது லேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் எத்தனை முறை மிதித்தாலும் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, சேலைன் ரியூபால் காபரேட்டருக்குள் ஊதி ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். "சந்தியில நின்றா எஞ்சின நூக்க மாட்டம் சேர். நூத்தா திரும்பவும் ஊத வேணும், ஊத பெற்றோல் இராது" என்றார் அண்ணன். மற்றக் குணம், அழுத்தம் கூடினால் அது நேரத்துக்கு முந்தி வெடித்து 'டக் டக்' என்று அடிக்கும், பிஸ்டனை உடைக்கும். ஆகவே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தகடு அதற்குத்தான். தீப்பொறியைப் பிந்த வைத்ததும் அதற்குத்தான்.

அந்தத் தகட்டைப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். விஞ்ஞானகூடத்து வேணியர் இடுக்கியால் அளந்தோம், 1 மி.மீ. எங்கள் கணித ஆசிரியர் தரம் 11 பிள்ளைகளுக்கு அதையே கணக்காகக் கொடுத்தார். சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 45.6 மி.மீ. அப்படியானால் கனவளவு சுமார் 89.5 க.செ.மீ. கம்பனி வைத்த அழுத்த விகிதம் 8.2 க்கு 1. அந்தக் கணக்கில் மேலே எரியும் அறை 12.4 க.செ.மீ. சிலிண்டரை 1 மி.மீ. உயர்த்தினால் அறை ஏறத்தாழ 2 க.செ.மீ. கூடும். விகிதம் 7.2 ஆக விழும். ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இந்தக் கணக்க அந்த நேரம் யார் செய்தது?" யாரும் செய்யவில்லை. அரை மி.மீ. போட்டுப் பார்த்திருப்பார்கள், அடித்திருக்கும். இன்னும் கொஞ்சம் போட்டிருப்பார்கள்.

இது உலகத்துக்குப் புதிதுமல்ல. பிரித்தானியாவில் பழைய பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இப்படித்தான் ஓடியது. சின்ன அறையில் பெற்றோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய் போன்ற மலிவு எண்ணெய். சூடாகும் வரை ஒன்று, பிறகு மற்றது. அதைக் கம்பனியே செய்து கொடுத்தது. நம் கடலிலும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பெற்றோலில் பற்ற வைத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழக்கம் மீனவர்களுக்கு எப்போதும் உண்டு. அண்ணன் அதை அங்கேதான் படித்தாராம். எம்.டி. 90 க்கு அப்படி ஒரு கையேட்டை யாரும் எழுதவில்லை. வேப்பமரத்தடிகளில் கண்டுபிடித்தார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் தண்ணீராகும், ரிங் தேயும், பிளக் கரி பிடிக்கும். வெள்ளைப் புகையும் மணமும் உடுப்பை விட்டுப் போகாது. என் வண்டியின் சிலிண்டர் இரண்டு முறை போர் அடிக்கப்பட்டிருந்தது.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அந்த வருடங்களில் நாங்கள் இங்கே இல்லை. நம் வீடுகளில் அந்தக் காலம் என்றால் புத்தளம், கொட்டில், நிவாரண அரிசி, தண்ணீர் வரிசை. திரும்பி வந்தபோது இங்கே இருந்தவர்களைப் பார்த்து, "இவர்கள் சொந்த மண்ணில் இருந்தார்கள், நாங்கள் இழந்தோம்" என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. மறைக்கத் தேவையில்லை, இப்போதும் அது முழுதாகப் போகவில்லை. நாங்கள் இழந்தது இழந்ததுதான். ஆனால் ஒரு மனிதர் சோற்றுச் சட்டி மூடியை வெட்டி எஞ்சினுக்குள் வைத்து நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடிய கதையை அதே மனிதரின் முற்றத்தில், அவர் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்ட பிறகு, அந்த எண்ணத்தை முன்போலச் சொல்ல வாய் வரவில்லை. அவரும் என்னிடம் கேட்டார்: "உங்கட ஆக்கள் போனபிறகு அங்க பள்ளிக்கூடம் எல்லாம் எப்படி நடந்தது சேர்?" சொன்னேன். அன்று பின்னேரம் வண்டி வேலை ஒன்றும் நடக்கவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

உங்கள் பழைய வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால், சாமான் வாங்க முதல் அதன் ஊர் எது என்று விசாரியுங்கள். கிக்கர் மிக லேசாக இறங்குகிறதா, சிலிண்டருக்கு அடியில் பக்கிங் தடிப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தகடு இருந்தால் எடுத்துவிட்டு, ஒரே ஒரு சரியான பக்கிங் போட்டு இறுக்குங்கள். தகடு இருந்தவரை சிலிண்டர் உயர்ந்து, டைமிங் செயினின் ஓட்டமும் கொஞ்சம் மாறி, வால்வுகளும் பிந்தித் திறந்திருக்கும். எடுத்ததும் அதுவும் தானாகத் திருந்தும். பொயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. அதை வைத்த பிறகு 'எஃப்' குறியில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வ் இடைவெளி 0.05 மி.மீ., எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். காலையில் செய்யுங்கள், ஓடி வந்த உடனே அல்ல. ஜெட் அடைத்தால் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை கீறும். மின் வயரின் ஒற்றைச் செப்பு இழை போதும்.

நம் தீவில் தனியாக ஒரு எதிரி உப்புக் காற்று. தாங்கியின் உள்பக்கம் துருப்பிடித்து, செந்தூள் குழாய் வழியாக வந்து காபரேட்டரில் படியும். தாங்கியைக் கழற்றி வினாகிரி ஊற்றி, கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, நன்றாகக் கழுவி, அன்றே காயவைத்து, அன்றே பெற்றோல் நிரப்ப வேண்டும். ஒருநாள் வெறுமையாக விட்டால் திரும்பத் துரு. ஒயில் விசயத்தில் கார் ஒயில் ஊற்றாதீர்கள். இந்த வண்டியில் கிளச்சும் அதே ஒயிலில்தான் குளிக்கிறது, வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்கென்று உள்ளதை வாங்குங்கள். டி.டி. வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வரி: உங்களுடையது டூ ஸ்ட்ரோக், ஒயில் தனிப் பம்பால் போகிறது. பழைய வண்டியை எடுத்த அன்றே அந்தப் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஓடினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

என் வண்டி சரியான நாள் பாலத்தில் மூன்றாவது கியரில் போனேன். பிறகு ஐடஹோக்காரரின் வேலையைப் பார்த்து, பின் சில்லில் இரண்டு பல் கூடிய சக்கரம் போட்டிருக்கிறேன். வேகம் குறைந்தது, மணலில் இழுவை கூடியது. மணலில் ஓடும்போது ரயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, உடம்பைப் பின்னுக்கு வைத்து, திடீரென்று பிரேக் பிடிக்காமல் போக வேண்டும். இதைப் படித்தது எப்படி என்று கரிசலில் என்னைத் தூக்கிவிட்ட பையன்களிடம் கேளுங்கள்.

தகட்டை அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "வச்சிருங்க சேர், திரும்பவும் தேவைப்படும்" என்றார் சிரித்துக்கொண்டு. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்று, பிறகு கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த காலத்தில், இரண்டு மூன்று பேர் அவரிடம் மண்ணெண்ணெய்க்கு மாற்றித் தரச் சொல்லி வந்தார்களாம். மண்ணெண்ணெயும் இல்லை. அந்த வருடம் ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. நம் மீனவர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

வாப்பாவிடம் வண்டியைக் காட்டியபோது அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. முழங்கால் வலி. எஞ்சினைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் நிறுத்திவிட்டு உள்ளே போகத் திரும்பியதும் குனிந்து பெற்றோல் குழாயைப் பூட்டினார்.

ஒரு வேண்டுகோள். 1990 இல் நம் ஊர்களில் விட்டுவந்த வண்டிகளின் இலக்கம், நிறம், யாருடையது என்று நினைவிருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி, எந்த ஊரானாலும் பரவாயில்லை. ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன், இதுவரை பதினேழு சேர்ந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய கதை உள்ள தமிழ் நண்பர்களும் எழுதுங்கள், அது கொப்பியின் மறுபக்கம். கூடவே, எம்.டி. 90 இன் 14 அங்குலப் பின் றிம் ஒன்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். என்னுடையது கரிசலில் வளைந்துவிட்டது.